புகை வந்தால் யாரிடம் போவது? மாசு கட்டுப்பாட்டு வாரியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு நவீன அரிசி ஆலை இருக்கிறது. ஆடிக் காற்று ஆரம்பித்தால் மொட்டை மாடியில் வடகம் போட முடியாது. உமிச் சாம்பல் கரும்பொடியாக வந்து இறங்கும். அந்தச் சாம்பலுக்காக நாலு வருஷம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு நடந்தேன். குடியிருப்போர் சங்கத்துக்காக அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இப்போது பக்கத்து ஊர்க்காரர்களும் போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் அரசுத் துறையா, தனி அமைப்பா?

சட்டத்தால் உருவான தனி அமைப்பு. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது, காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981இல். இரண்டையும் நடைமுறைப்படுத்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது. போபால் விபத்துக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் அதற்கு வேலை உண்டு. தலைமையகம் சென்னை கிண்டியில்.

‘வாரியம்’ என்று சட்டம் சொல்வது கிண்டிக் கட்டடத்தை இல்லை, ஒரு குழுவை. அதில் ஒரு தலைவர், அரசு அதிகாரிகள் ஐந்து பேர் வரை, உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர் வரை, விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் போன்றவற்றின் சார்பில் மூன்று பேர் வரை, அரசு நிறுவனங்களிலிருந்து இரண்டு பேர், பிறகு முழுநேர உறுப்பினர் செயலர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அன்றாட நிர்வாகம் உறுப்பினர் செயலர் கையில்.

உள்ளாட்சிக்கென்று ஐந்து இடம் வரை இருப்பது பலருக்குத் தெரியாது. மணலியிலும் ராணிப்பேட்டையிலும் கடலூரிலும் புகையோடு வாழும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த இடங்களில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மாநில வாரியங்களின் தலைவர் பதவிக்குத் தகுதியும் அனுபவமும் உள்ளவர்களை நியமிக்க விதிகள் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2017இல் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. யார் நாற்காலியில் இருக்கிறார் என்பது நம் தெருப் புகை வரைக்கும் வந்து சேரும் விஷயம்.

எங்கள் ஊரில் யாரைப் போய்ப் பார்ப்பது?

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரை. பேச்சில் ‘டி.இ.இ. ஆபீஸ்’ என்பார்கள். அவருக்குக் கீழே உதவிச் சுற்றுச்சூழல் பொறியாளர்கள், உதவிப் பொறியாளர்கள். ஆலைக்கு நேரில் வந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சில மாவட்டங்களைச் சேர்த்து மேலே ஓர் இணைத் தலைமைச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருப்பார். மாதிரிகளைச் சோதிக்க மாவட்ட ஆய்வகமோ மேம்பட்ட ஆய்வகமோ தனியாக உண்டு.

ஒரு உதவிப் பொறியாளர் பார்க்க வேண்டிய ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். சாயப்பட்டறை, கல்குவாரி, கோழிப்பண்ணை, மருத்துவமனைக் கழிவு எல்லாம் அதே ஆள் மேல்தான் விழும். அலட்சியம் என்று நாம் கோபப்படுவதில் பாதி, ஆள் பற்றாக்குறை. அதைப் புரிந்துகொண்டு பேசினால் வேலை நடக்கிறது.

‘இசைவாணை’ என்கிறார்களே, அது என்ன?

இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வாரியம் இயங்கும் விதம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் ஆலையைக் கட்டவும் கூடாது, ஓட்டவும் கூடாது. அதனால் இரண்டு கட்டம். கட்டுவதற்கு முன் ‘நிறுவ இசைவாணை’, கட்டி முடித்து ஓட்டுவதற்கு முன் ‘இயக்க இசைவாணை’. தொழில்காரர்கள் இவற்றை சி.டி.இ., சி.டி.ஓ. என்பார்கள். நீர்ச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை, காற்றுச் சட்டத்தின் கீழ் இன்னோர் ஆணை என்று தனித்தனியாக இருக்கும். விண்ணப்பம் இப்போது இணையவழியில்தான். வந்த நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும்.

இயக்க இசைவாணையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டன் உற்பத்தி, எந்த எரிபொருள், எத்தனை கொதிகலன், எத்தனை ஜெனரேட்டர், ஒவ்வொன்றுக்கும் புகைபோக்கி எத்தனை மீட்டர், புகையைச் சுத்தம் செய்ய என்ன கருவி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பட்டியலாக இருக்கும். அதன் பின்னால் நிபந்தனைகள். சாம்பலை எப்படிச் சேர்த்து வைக்க வேண்டும், எத்தனை மரம் நட வேண்டும், மாதிரி எப்போது எடுக்க வேண்டும் என்பது வரை எழுதியிருப்பார்கள்.

‘புகை வருகிறது’ என்று சொன்னால் அது நம் கருத்து. ‘இசைவாணையில் உமி மட்டும் என்று இருக்கிறது, கொதிகலன் பின்னால் பழைய டயர் அடுக்கியிருக்கிறது’ என்று சொன்னால் அது மீறல். வாரியம் கை வைக்கக்கூடியது மீறலில்தான். அதனால் புகார் எழுதும் முன் அந்த ஆலையின் இசைவாணை நகலைத் தேடுங்கள். எங்கள் சங்கத்துக்கு இது தெரியாமல் முதல் இரண்டு வருஷம் வீணாகப் போனது.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரிக்கிறார்களாமே?

ஆமாம். மாசு ஆற்றலுக்கு மதிப்பெண் போட்டு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் வகுத்தது. அப்போதைய கணக்கில் 60ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, அதற்குக் கீழே வெள்ளை. சிமென்ட் ஆலை, அனல் மின் நிலையம், தோல் பதனிடும் ஆலை எல்லாம் சிவப்பு. கல் உடைக்கும் கிரஷர் ஆரஞ்சு. மாவு மில் பச்சை. சைக்கிள் பாகங்களைப் பூட்டும் பட்டறை வெள்ளை. வெள்ளைக்கு இசைவாணை தேவையில்லை, தகவல் சொன்னால் போதும். 2025இல் பட்டியலைத் திருத்தியபோது மதிப்பெண் வரம்புகள் மாறின, நீலம் என்று ஒன்றும் சேர்ந்தது. உங்கள் பக்கத்து ஆலையின் நிறம் இசைவாணை முகப்பிலேயே இருக்கும்.

காற்றில் மாசு எவ்வளவு என்று எப்படி அளக்கிறார்கள்?

இரண்டு முறை இருக்கிறது. பழையது கையால் செய்வது. எனக்கு அதுதான் பிடிக்கும், ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம்.

மாடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருப்பார்கள், உள்ளே வேக்குவம் கிளீனர் மாதிரி ஒரு மோட்டார். மேலே ஏ4 தாளை விடக் கொஞ்சம் சின்னதாகக் கண்ணாடி இழையால் ஆன வெள்ளை வடிதாள். அதை ஈரம் இல்லாத பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்து, எடை போட்டு, எண் எழுதிக் கொண்டுவருவார்கள். நிமிஷத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்று அதன் வழியாக இழுக்கப்படும். எட்டு மணி நேரம் ஓடினால் 528 கன மீட்டர். தாளை எடுக்கும்போது அது சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும். திரும்ப எடை போடுவார்கள். எடை 52.8 மில்லிகிராம் கூடியிருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் துகள் என்று கணக்கு. பி.எம். 10 எனப்படும், 10 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக நம் நாடு அனுமதிக்கும் அளவும் அதே 100தான். ஒரு சிட்டிகை உப்பில் கால்வாசி கூட வராத அந்த எடைக்குத்தான் இவ்வளவு பாடு. தாளை வெறுங்கையால் தொட்டால் கணக்கே கெட்டுவிடும்.

சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களுக்கு, காற்றைக் கண்ணாடிக் குழாயில் உள்ள ரசாயனக் கரைசலில் குமிழி குமிழியாக விட்டு, பிறகு ஆய்வகத்தில் நிறம் எவ்வளவு அடர்த்தியாக வருகிறது என்று பார்ப்பார்கள். இப்படி வாரத்துக்கு இரண்டு நாள், வருஷத்துக்கு 104 நாள் அளக்க வேண்டும்.

புதிய முறை, தானாக ஓடும் தொடர் கண்காணிப்பு நிலையம். குளிர்சாதன அறைக்குள் கருவிகள் இருபத்து நாலு மணி நேரமும் ஓடி, அளவுகளை இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போனில் நீங்கள் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு இங்கிருந்து வருகிறது. 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை.

அளவுகோல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுரையீரலின் அடி வரை போகும் பி.எம். 2.5 துகளுக்கு 2009ஆம் ஆண்டு தேசியத் தர நிர்ணயம் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை வந்தால், எந்த வரம்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் ‘திருப்தி’ என்று காட்டுகிறது. எங்கள் வீட்டில் மூச்சு முட்டுகிறது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. விடியற்காலை ஒரு மணி நேரம் கொட்டிய புகை அதில் கரைந்துபோகும். நிலையம் உங்கள் தெருவிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காற்று அன்றைக்கு எதிர்ப்பக்கம் அடித்திருக்கும்.

இன்னொன்று, குறியீடு கணக்கில் எடுப்பது எட்டே மாசுகளை: பி.எம். 10, பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, காரீயம். அழுகின முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்பைடு இதில் இல்லை. பெயின்ட், பூச்சிமருந்து, மருந்து ஆலைகளிலிருந்து வரும் கரைப்பான் ஆவிகளும் இல்லை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மக்கள் இதைத்தான் எதிர்கொண்டார்கள். 2004இல் அங்குள்ள கிராமத்தவர்கள் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகச் சேர்ந்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன நாற்றம் என்று எழுதத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த மீட்டரும் காட்டாததை அவர்களுடைய மூக்கும் நோட்டுப் புத்தகமும் காட்டின. 2009இல் மத்திய வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்கு 77.45 வந்தது. ராணிப்பேட்டை அடங்கிய வேலூர் பகுதிக்கு 81.79, மணலிக்கு 76.32. 70ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று பொருள்.

புகைபோக்கி உயரத்துக்கு விதி உண்டா?

உண்டு, கணக்காகவே உண்டு. கல்யாண மண்டபம், அடுக்குமாடி, மருத்துவமனை என்று எங்கும் இருக்கும் டீசல் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு 0.2ஆல் பெருக்கினால், கட்டடத்தின் உச்சிக்கு மேல் குழாய் எத்தனை மீட்டர் எழ வேண்டும் என்று வரும். 100 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் வர்க்கமூலம் 10, அதனால் 2 மீட்டர். கட்டடம் 12 மீட்டர் என்றால் குழாய் 14 மீட்டரில் முடிய வேண்டும். உங்கள் ஜன்னலைப் பார்த்து முதல் மாடி உயரத்தில் ஒரு குழாய் புகை கக்கினால், அளக்காமலே சொல்லலாம், விதிமீறல்.

பெரிய ஆலைகளுக்கு, மணிக்கு எத்தனை கிலோ சல்பர் டை ஆக்சைடு வெளியேறும் என்பதை வைத்து வேறு கணக்கு. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே தொடர் அளவீட்டுக் கருவி பொருத்தி, நேரலையாக வாரியத்துக்கு அளவு அனுப்ப வேண்டும். கிண்டியில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. கருவியைப் பராமரிப்பது ஆலைதான் என்பது இதில் உள்ள ஓட்டை. அவ்வப்போது வாரிய ஆள் நேரில் ஏறி அளந்து ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

புகார் எப்படி எழுத வேண்டும்?

எங்கள் கதையையே சொல்கிறேன். முதலில் நாங்கள் எழுதியது: ‘மேற்படி ஆலையிலிருந்து எப்பொழுதும் கரும்புகை வெளியேறி பொதுமக்களுக்குப் பெரும் இன்னல்.’ அறுபது கையெழுத்து. உதவிப் பொறியாளர் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் பகல் பதினோரு மணி. ஆலை சுத்தமாக இருந்தது. ‘ஆய்வின்போது குறைபாடு காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. எங்களுக்கு ஆத்திரம்.

மூன்றாம் முறை நான் அலுவலகத்துக்கே போனேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த உதவிப் பொறியாளர் அம்மா மனுவைப் படித்துவிட்டு, “சார், எப்பவும்னு எழுதியிருக்கீங்க. எப்பவும்னா நான் எப்ப வர்றது?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது.

அன்றிலிருந்து மூன்று மாடிகளில் இரவு படுக்கும் முன் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் வைத்தோம். காலையில் யார் வீட்டுத் தட்டில் எவ்வளவு கரி என்று பார்த்து நோட்டில் எழுதினோம். தூக்கம் வராத பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு தடவை எழுந்து தட்டைத் துடைத்து வைத்தார். காற்று எந்தப் பக்கம் என்பதற்குத் தென்னை ஓலை. ஆறு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது: மேல்காற்று அடிக்கும் நாட்களில், விடியற்காலை நாலிலிருந்து ஆறு வரை. பகலில் ஒன்றும் இல்லை.

நோட்டின் நகலோடு மனு கொடுத்தோம். அந்த அம்மா ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கொதிகலன் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் சைக்ளோனின் அடிக்கூம்பு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இரவு ஷிப்டில் அதைக் காலி செய்ய ஆள் இல்லை. பகல் ஆள் வந்து எட்டு மணிக்குத் தட்டிவிடுவதால் பதினோரு மணிக்கு எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. இசைவாணையில் சாம்பலைத் தூசி பறக்காமல் உடனுக்குடன் அகற்ற வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. நோட்டீஸ் போனது. இரவு ஆள் போட்டார்கள், இரண்டாவதாக ஒரு தூசிப் பிடிப்பான் வைத்தார்கள். சாம்பல் முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன். வடகம் போட முடிகிறது.

ஆகவே உங்கள் மனுவில் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, காற்றின் திசை, என்ன நிறம் அல்லது என்ன வாடை, எத்தனை வீடு, இசைவாணையின் எந்த நிபந்தனை என்பதெல்லாம் வரட்டும். படம் எடுத்தால் பின்னணியில் அடையாளம் தெரிகிற ஏதாவது இருக்கட்டும். டி.இ.இ. அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாரிய இணையதளத்திலும், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் கடைசியில் அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும், அதனால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆய்வுக்கு வருவதை ஆலைக்கு முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. காற்றுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே நுழைந்து பார்க்க அதிகாரம் கொடுக்கிறது. இரவில் ஓடும் ஆலையை இரவில் பார்ப்பது நியாயம்தான். 26ஆம் பிரிவின் கீழ் சட்டப்படி மாதிரி எடுப்பதாக இருந்தால் மட்டும் நோட்டீஸ் தர வேண்டும். அதுவும் அப்போதே அங்கேயே கொடுத்தால் போதும். மாதிரியை முத்திரை வைத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த முறையில் ஒரு படி தவறினாலும் ஆய்வக முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. அதனால்தான் நாம் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பதை வைத்து நேரடியாக நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். ஆனால் அது அவர்களை வரவழைக்கும் ஆதாரம்.

மீறல் கண்டால் வாரியத்தால் என்ன செய்ய முடியும்?

முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். பிறகு குறித்த நாளுக்குள் சரிசெய்யச் சொல்லி உத்தரவு. அடுத்தது காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவு. 1987 திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவுதான் வாரியத்தின் பெரிய பலம்: ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். முதலாளி எத்தனை பெரியவராக இருந்தாலும் கரண்ட் இல்லாமல் ஓட்ட முடியாது.

முன்பு மீறல்களுக்குச் சிறைத் தண்டனை சட்டத்தில் இருந்தது. ஜன் விஸ்வாஸ் சட்டம் என்ற 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. வழக்கு இழுத்தடிக்காமல் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா என்ற கவலை எனக்கு இருக்கிறது.

வாரியத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் ஆலை 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம், அதற்கு மேல் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இந்தப் படிகள் எவ்வளவு நீளம் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. 2013 மார்ச் 23 அதிகாலை அங்கே மக்களுக்குத் தொண்டை எரிந்து மூச்சுத் திணறியது. ஒரு வாரத்துக்குள் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை வாரியம் மூடச் சொன்னது. தீர்ப்பாயம் திறக்க அனுமதித்தது. 2018 ஏப்ரலில் இயக்க இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. மே 22, 23 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28 அன்று நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. தீர்ப்பாயம் மறுபடி ஆலைக்குச் சாதகமாகச் சொன்னதை 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் அந்தச் சுற்று முடிந்தது. 2018இல் வாரியம் மறுத்தது ஒரு புதுப்பித்தல் விண்ணப்பத்தை என்பதைக் கவனியுங்கள். இசைவாணைக் காகிதத்துக்கு அவ்வளவு வலு.

வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி இசைவாணைக் கட்டணத்திலிருந்து. ஆலையின் முதலீட்டு மதிப்பு கூடக் கூடக் கட்டணமும் கூடும். மாதிரிச் சோதனைக் கட்டணமும் உண்டு. கண்காணிக்கப்படுபவரே கண்காணிப்பவருக்குப் பணம் கட்டுகிறாரே என்று கேட்பார்கள். மாசு செய்பவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம், அதில் தவறில்லை. அந்தப் பணம் ஆய்வகத்துக்கும் களப்பணியாளர்களுக்கும் போகிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

குப்பை எரிப்பு, வண்டிப் புகை, ஒலிபெருக்கி இதெல்லாம்?

குப்பை எரித்தால் முதலில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. உள்ளாட்சியே கிடங்கில் எரித்தால் அப்போது டி.இ.இ. அலுவலகம். வண்டிப் புகைக்கு ஆர்.டி.ஓ. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையம்.

போகி அன்று வாரியம் என்ன செய்கிறது?

சென்னையின் 15 மண்டலங்களிலும் கருவி வைத்து முந்தின நாளும் போகி அன்றும் அளந்து முடிவை வெளியிடுகிறது. டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று பிரசாரம் செய்கிறது. 2018 போகிக் காலையில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள், நினைவிருக்கும். தீபாவளிக்குப் பட்டாசு நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவை ஒட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொள்வது போலீஸ், அளப்பது வாரியம்.

இசைவாணை நகல் கிடைக்கவில்லை. ஆர்.டி.ஐ. போடலாமா?

தாராளமாக. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில். ‘நடவடிக்கை எடுத்தீர்களா’ என்று கேட்காதீர்கள், ஒரு வரியில் பதில் வரும். ஆவணமாகக் கேளுங்கள்: நடப்பில் உள்ள காற்றுச் சட்ட இசைவாணை நிபந்தனைகளுடன், கடைசி மூன்று ஆய்வு அறிக்கைகள், கடைசியாகப் புகைபோக்கியில் மாதிரி எடுத்த அறிக்கை, அனுப்பிய நோட்டீஸ்கள், ஆலை கொடுத்த பதில்கள். தேதி வரம்பும் குறிப்பிடுங்கள்.

நான் சின்ன ஆலை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டார் என் மேல் புகார் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் உங்கள் இசைவாணையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இரவு ஷிப்டில் அது நடக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கருவி பழுதாகிப் புகை வரம்பு மீறினால் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்கக் காற்றுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆய்வுக்கு வந்தபின் பழுது என்பதை விட, பழுதான அன்றே எழுதிக் கொடுத்தவரின் பேச்சு எடுபடும். புகார் கொடுத்த வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எங்கள் ஆலைக்காரர் வந்தார். மாடியில் ஏறித் தாம்பாளத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு விழுதுன்னு எனக்குத் தெரியாது” என்றார். இப்போது கூம்பு காலி செய்த நேரத்தை இரவுக்கு நாலு தடவை எழுத ஒரு பலகை வைத்திருக்கிறார். சங்கத்திலிருந்து யார் போய்க் கேட்டாலும் காட்டுகிறார்.